சங்ககிரி கோட்டை: வாசல் வாசலாக ஏறுங்கள்

மலைக்கோட்டை என்றால் எல்லோரும் செஞ்சிக்கு ஓடுகிறார்கள். நம்ம கொங்கு நாட்டிலேயே சங்ககிரி இருக்கிறது. சேலம் – ஈரோடு பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். விஜயநகரக் காலத்துக் கோட்டை, அப்புறம் திப்புவிடம் இருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கைக்குப் போனது. கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31-ல் தூக்கிலிட்டது இங்கேதான்.

நான் போனது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. மேலே பெருமாள் இருப்பதால் ஆள் நடமாட்டம் இருந்தது. பாதி வழியில் ஒரு வாசலில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். பூக்கூடையோடு வந்த அம்மாயி ஒருத்தர், "ஏங்கண்ணு, இதுக்கேவா?" என்று சிரித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சின்னமலை பேச்சு வந்தது. "கூட இருந்த சமையல்காரனே காட்டிக் குடுத்துட்டானாமா" என்றார், ஏதோ போன மாசம் பக்கத்துத் தோட்டத்தில் நடந்த மாதிரி.

அப்படி உட்கார்ந்ததால்தான் அந்த வாசலையே பார்த்தேன். கதவு போய்விட்டது. ஆனால் கதவின் குடுமி (அடி முனை) சுழன்ற குழி கீழ்க்கல்லில் இருக்கிறது. விரல் விட்டால் உள்ளே வழவழவென்று தேய்ந்திருக்கிறது. வெளியே நல்ல வெயில், வளைவுக்குள் சில்லென்று காற்று. வாசலைத் தாண்டியதும் பாதை திரும்புகிறது, மேலே மதில். ஏறி வருகிற எதிரி எந்த இடத்தில் மாட்டுவான் என்று நின்று பார்த்தாலே புரிந்துவிடும். நேராக உச்சிக்குப் போய் செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது. மதிலில் பெயிண்ட்டால் பெயர் எழுதி அம்பு விட்டிருக்கும் காதலர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் கெட்ட வார்த்தைதான் வரும்.

போகிற வழியில் ஒரு தர்காவும் இருக்கிறது. உச்சியிலிருந்து பார்த்தால் கோவை ரோட்டில் லாரிகள் வரிசையாகப் போகின்றன. லாரித் தொழிலுக்குப் பெயர் போன ஊர் இது, அதனால் அந்தக் காட்சியும் பொருத்தம்தான்.

தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். குரங்குகள் கண்ணில் படாமல் பையை மூடி வையுங்கள். சின்னமலை கோட்டை கட்டியிருந்த ஓடாநிலையில் இப்போது மணிமண்டபம் இருக்கிறது, அரச்சலூர் பக்கம். காலையில் சங்ககிரி, மதியத்துக்கு மேல் ஓடாநிலை என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் முடித்துவிடலாம். திருப்பிப் போட்டீர்களானால் உச்சி வெயிலில்தான் மலை ஏற வேண்டியிருக்கும்.