இழைமணிப் பிளவா, பகுப்பா?

வணக்கம்.

இழைமணி தொடர்பான கலைச்சொற்களுக்காகத் தொடங்கிய விவாத இழை அதைப் போலவே நீண்டுகொண்டு போகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்டிரியாவை இழைமணி என்பதில் இங்கே யாருக்கும் சண்டை இல்லை. 1898இல் கார்ல் பெண்டா நூலுக்கும் மணிக்கும் உரிய கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர். தமிழிலும் பாந்தமாக உட்கார்ந்துவிட்டது. செல்லுக்குள் ஓர் இழைமணி இரண்டாகும் நிகழ்வை (ஆங்கிலத்தில் ஃபிஷன்) தமிழில் எப்படிச் சொல்வது என்பதில்தான் இழுபறி.

> பாக்டீரியாவிலிருந்து வந்ததுதானே? அதற்குச் சொல்லும் "இருகூற்றுப் பிளவு" இதற்கும் போதாதா?

இழைமணியின் மூதாதை பாக்டீரியாதான், வந்த வழி அதுதான். வேலை நடக்கும் விதம் மாறிவிட்டது. பாக்டீரியா எஃப்டிஎஸ்இசட் என்ற புரதத்தால் தன் உட்பக்கத்தில் வளையம் கட்டித் தானே இரண்டாகிறது. சயனிடியோஸ்கைசான் மெரோலே என்னும் சிவப்புப் பாசியின் இழைமணியில் அந்தப் புரதம் இன்றும் இருக்கிறது. நம் செல்களில் இல்லை, ஈஸ்ட்டிலும் இல்லை. இங்கே வளையம் வெளியிலிருந்து வந்து விழுகிறது. மனித இழைமணியின் டிஎன்ஏவில் இருப்பவை 16,569 கார இணைகளும் 37 மரபணுக்களும். அவற்றில் புரதம் செய்பவை 13. அத்தனையும் ஆற்றல் உற்பத்திக்கானவை. தன்னைப் பிரித்துக்கொள்ள ஒரு புரதம்கூடக் கிடையாது. அதற்கான ஆட்கள் எல்லாம் உட்கருவின் ஆணைப்படி வெளியே தயாராகி வருகிறார்கள்.

ஆக, இது தன்வினை இல்லை, பிறவினை. பிரிதலிலிருந்து பிரிவு, பகுத்தலிலிருந்து பகுப்பு. எனக்குப் பகுப்பு பிடிப்பதற்கு முதல் காரணம் இதுதான். "செல் தானாகத்தானே பிரிகிறது, அப்புறம் ஏன் செல் பகுப்பு என்கிறோம்?" என்று கேட்பீர்கள். அங்கே சொல் கொஞ்சம் தளர்வாகப் புழங்குகிறது, உண்மைதான். அதற்காக, இறுக்கமாகப் பொருந்தும் இடத்தில் அதை விடுவானேன்?

"பிளவு" எனக்கு ஒட்டவில்லை. விறகைப் பிளக்கிறோம், அது நெடுவாட்டில். இழைமணி ஒரு குழாய். அது குறுக்கே நெரிபட்டு அறுகிறது. அணுக்கருப் பிளவு என்ற சொல் வேறு வெடிப்பையும் சிதறலையும் கூடவே இழுத்து வருகிறது. இங்கே வெடிப்பே இல்லை. உள்ளிருப்பது வெளியே சிந்தாமல் இரண்டு சவ்வுகளும் மூடிக்கொள்கின்றன.

நடப்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் சொல் தேர்வதும் எளிது. முதலில் எண்டோபிளாச வலையின் (செல்லுக்குள் பரவிக் கிடக்கும் சவ்வுக் குழல்களின் வலை) ஒரு குழல் இழைமணியைச் சுற்றி வளைக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஜியா வோல்ட்ஸ் குழு 2011இல் இதைக் காட்டியது. அந்த இடத்தில் ஆக்டின் என்ற புரதத்தின் இழைகள் திரண்டு அழுத்த, இழைமணி ஒடுங்குகிறது. பிறகுதான் டிஆர்பி1 புரதம் (தொலைக்காட்சிக்காரர்களின் டிஆர்பி இல்லை) மேற்பரப்பில் கோத்துக்கொண்டு வளையமாகிறது. ஜிடிபி (GTP) என்ற ஆற்றல் மூலக்கூறைச் சிதைத்துக் கிடைக்கும் ஆற்றலால் சுருக்குக் கயிறு போல இறுகுகிறது. முன்னொடுக்கம் ஏன் வேண்டும் என்றால், இழைமணியின் தடிமன் சுமார் அரை மைக்ரான். இந்த வளையம் அதைவிடப் பல மடங்கு சிறிது. முதலில் யாராவது நெரித்துக் கொடுத்தால்தான் அது மாட்டும். எனவே எண்டோபிளாச வலை செய்வதற்கு "முன்நெரிப்பு", டிஆர்பி1 செய்வதற்கு "இறுக்கம்", கடைசிக் கணத்துக்கு "அறுபடல்" என்று மூன்று உட்சொற்கள் தருகிறேன். மொத்த நிகழ்வுக்கு இழைமணிப் பகுப்பு.

> "இழைமணிப் பிரிவு" என்று எளிமையாக வைத்துவிட்டால்?

இலங்கைப் பாடநூல்களில் மைட்டாசிஸ், அதாவது ஒரு செல் ஒத்த இரு செல்களாவது, "இழையுருப் பிரிவு". அந்தக் கிரேக்கச் சொல்லிலும் இருப்பது இதே நூல்தான், எனவே தமிழிலும் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி நிற்கின்றன. வெறும் ஓசைச் சிக்கல் என்று தள்ளிவிட முடியாது. செல் மைட்டாசிசுக்குள் நுழையும்போது சிடிகே1 என்ற நொதி டிஆர்பி1மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றிவிடுகிறது. இழைமணிகள் பின்னிக் கிடக்கும் வலை துண்டு துண்டாகி, இரு சேய்ச் செல்களுக்கும் பங்கு போகிறது. இதைப் பாடநூலில் எழுதிப் பாருங்கள்: "இழையுருப் பிரிவின்போது இழைமணிப் பிரிவு கூடுகிறது." படிக்கும் பிள்ளை அச்சுப்பிழை என்றே நினைக்கும்.

துண்டாதல் என்பதைத் தனியே வைத்துக்கொள்வோம். அது நிகழ்வின் பெயரில்லை, நிலையின் பெயர். பகுப்பு மிகுந்தாலும் வலை துண்டாகும். பகுப்பு வழக்கம்போல் நடந்து, எதிர்வேலையான இணைவு நின்றுபோனாலும் துண்டாகும். நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆய்வுக் கட்டுரைகளிலேயே இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுண்டு. நாமாவது பிரித்து வைப்போம்.

கடைசியாக, இங்கே சிலர் முன்வைத்த "சீர்ப்பகுப்பு, கழிப்பகுப்பு" என்ற இணை. சுவிட்சர்லாந்தில் லோசான் ஆய்வாளர்கள் 2021இல் பகுப்பு இரண்டு விதம் என்று காட்டினார்கள். நடுப்பகுதியில் அறுந்தால் பெரும்பாலும் பெருக்கத்துக்கு. முனைக்கு அருகே அறுந்தால், சவ்வு மின்னழுத்தம் குறைந்த பழுதான துண்டு கழன்று, செல் அதைச் செரித்துவிடும். நடுவில் அறுவதற்கு எம்எஃப்எஃப் என்ற புரதம் டிஆர்பி1ஐ இழுத்து வருகிறது. முனையில் அறுவது ஃபிஸ்1 என்ற புரதம் சார்ந்தது, அங்கே லைசோசோமும் (செல்லின் செரிமானப் பை) வந்து ஒட்டுகிறது. சீர், கழி என்ற பெயர்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை பயனை வைத்து எழுந்தவை. பயனைப் பற்றிய விளக்கம் நாளை திருத்தப்படலாம். அறுந்த இடத்தை யாரும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். அதனால் நடுப்பகுப்பு, முனைப்பகுப்பு என்றே வைப்போம். பகுப்பு இப்படி முன்னொட்டுக்கு வளைந்து கொடுப்பதும் ஒரு வசதி; நடுப்பிளவு என்றால் முதுகு வலிக்கிற மாதிரி இருக்கிறது.

டிஆர்பி1 சேர்ந்த புரதக் குடும்பமான டைனமினுக்கும் தமிழ் கேட்டிருந்தீர்கள். அதை அப்படியே விட்டுவிடலாம் என்பேன். புரதப் பெயர்களை மொழிபெயர்க்கத் தொடங்கினால் ஆயுசு போதாது. டிஆர்பி1ஐ இழைமணியில் மாட்டிவைக்கும் எம்எஃப்எஃப், ஃபிஸ்1 போன்றவற்றுக்கு "ஏற்பி" என்பதும் சரிவராது. ஹார்மோன் ஏற்பிகளோடு குழம்பும். "கொளுவி" சரியாக வருமா? யாழ்ப்பாணத்து நண்பர்கள்தான் சொல்ல வேண்டும், கொளுவுதல் (மாட்டுதல்) அவர்கள் வாயில் தினமும் புழங்கும் சொல்.