என் மனைவியின் கிளினிக் பையை என்ன செய்வது?

பழைய தபால்காரர் (உவர்மலை):

கேள்வி பையைப் பற்றியது போலத் தெரியும். கடவுள் மேல் உள்ள விசுவாசத்தைப் பற்றியதுதான்; எனக்கு அது அந்தப் பையில் இருந்துதான் தொடங்குகிறது.

என் மனைவி ஆடி மாதம் போய்விட்டாள். மார்பில் புற்றுநோய். பதினான்கு மாதங்கள், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, திருகோணமலையிலிருந்து இரவுப் புகையிரதத்தில் கொழும்புக் கோட்டைக்குப் போவோம். அங்கிருந்து 138ஆம் இலக்க பஸ்ஸில் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு. கந்தளாய் வரும்வரை கதைத்துக்கொண்டு வருவாள். கல்லோயாச் சந்தியில் வண்டி நின்றால் விழித்துக்கொண்டு "எவ்விடம்?" என்பாள். எவ்விடம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நான் தூங்கிவிட்டேனா என்று பார்ப்பதற்காகக் கேட்பது அது.

அந்தப் பை இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. வெந்நீர்ப் போத்தல், பருத்திச் சால்வை, செபமாலை, கிளினிக் கொப்பி, இன்னொரு சின்னக் கொப்பி.

31ஆம் நாள் திருப்பலி முடிந்து சாப்பாட்டுக்கு இருக்கும்போது உறவினர் ஒருவர் சொன்னார், "இதில் ஆண்டவருக்கு ஒரு நோக்கம் இருக்கும். அதைக் கண்டுபிடி, மனம் ஆறும்." நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நான் முப்பத்திரண்டு வருடம் கடிதம் கொடுத்தவன். விலாசம் தெளிவில்லாத கடிதத்தை ஊகித்து யார் வீட்டிலும் போட்டுவிடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். இந்த ஒன்றை மட்டும் ஊகித்துப் போடு என்கிறார்கள்.

நோக்கம் தெரியாமலே பூசைக்குப் போய்வருவது நடிப்பா? இந்த நிலையில் இருந்தவர்கள் எழுதுங்கள். தயவுசெய்து வசனத்தின் இலக்கத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

விசுவாசி:

சகோதரரே, ரோமர் 8:28. கர்த்தர் ஒருபோதும் தவறு செய்வதில்லை.

பழைய தபால்காரர்:

நன்றி. நினைவு மலரின் முதல் பக்கத்தில் அந்த வசனம்தான் இருக்கிறது, கடவுளை அன்பு செய்கிறவர்களுக்கு எல்லாம் நன்மைக்கே நடக்கிறது என்று. தெரிவு செய்தவள் அவளே. அதனால் அதோடு எனக்குச் சண்டை இல்லை. அவள் சொன்னால் கேட்பேன், மற்றவர்கள் சொன்னால் கோபம் வருகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

ஐயா, நான் மெதடிஸ்த திருச்சபை. ஞாயிறு பாடசாலையில் பல வருடம், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த வேதாகமத்து யோபுவைத் தவறாகப் படிப்பித்திருக்கிறேன். பொறுமையாக இருந்தான், எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது, அவ்வளவுதான் கதை என்று. என் கணவர் இறந்த பிறகு முழுவதையும் வாசித்தேன். அந்த மனிதன் பொறுமையாகவே இல்லை! பிறந்த நாளைச் சபிக்கிறான், வழக்காடுகிறான். நண்பர்கள் மூன்று பேர் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் நல்லவர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபிப்பது அந்த விளக்கக்காரர்களைத்தான். யோபுவுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. வாசகர்களாகிய நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

ஆகவே நீங்கள் நடிக்கவில்லை. பையும் ஆணியிலேயே இருக்கட்டும், அது யாருக்கு இடைஞ்சல்?

கரைவலை (நிலாவெளி):

நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. 2004 மார்கழி (டிசம்பர்) 26, ஞாயிற்றுக்கிழமை, போயா என்கிற பௌர்ணமி நாள், சுனாமி வந்தது. மகனுக்கு எட்டு வயது. நத்தாருக்கு எடுத்த புதுச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அதோடேயே படுத்தவன். நான் ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு தப்பினேன்.

"நீ பிழைத்ததற்கு ஒரு நோக்கம் இருக்கிறது" என்று முகாமில் பலர் வந்து சொன்னார்கள். அப்படியென்றால் அவன் போனதற்கு என்ன நோக்கம் என்று கேட்டேன். பிறகு யாரும் வரவில்லை.

கோயிலுக்குப் போவேன், உள்ளே போக மாட்டேன். வெளியே வேப்ப மரத்தடியில் நிற்பேன். அப்போதிருந்த குருவானவர் உள்ளே வா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நற்கருணை கொடுக்கும் நேரத்தில் படியிறங்கி மரத்தடிக்கு வருவார். மழை நாளிலும் வந்தார். எத்தனை வருடம் அப்படி நடந்தது என்று கணக்கில்லை. ஒரு நாள் அவருக்குக் கால் வலி, நொண்டி நொண்டி வந்தார். அடுத்த கிழமை நானே உள்ளே போய் நின்றேன். அந்த மனிதரை நடக்கவைக்க வெட்கமாக இருந்தது, வேறு காரணம் இல்லை.

தன் நண்பன் இலாசருக்கு நோய் என்று கேட்ட பிறகும் இயேசு இரண்டு நாள் இருந்த இடத்திலேயே இருந்தார். மார்த்தா நேரே கேட்டாள், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான் என்று. அவளை அவர் ஏசவில்லை. செத்தவனை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். எனக்கு அந்த அழுகை போதும். நோக்கம் இன்றும் தெரியாது. இருபது வருடம் தாண்டிவிட்டது, ஐயா.

பாலையூற்று மகள்:

இடையில் வேறு விடயம் கேட்பதற்கு மன்னிக்கவும். அம்மாவை மகரகமைக்குப் போகச் சொல்லிக் கடிதம் தந்திருக்கிறார்கள். வருகிற ஞாயிறு இரவு புறப்பட வேண்டும். எனக்குச் சிங்களம் வராது. அம்மா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, பயம். என்ன கொண்டுபோக வேண்டும் என்று ஐயா சொல்ல முடியுமா?

பழைய தபால்காரர்:

பிள்ளை, முதலில் ஆசனம் பதிவு செய்துவிடு. யன்னல் பக்கம் அம்மா, நடைபாதைப் பக்கம் நீ. மலசலகூடத்தை ஒட்டிய ஆசனம் வேண்டாம், மருந்து ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அந்த வாடை வயிற்றைப் புரட்டும். அதற்காக வெகு தூரத்திலும் எடுக்காதே. பாதி வெட்டிய தேசிக்காய் ஒன்றைக் கைலேஞ்சியில் சுற்றி வைத்திரு, முகர்ந்தால் குமட்டல் அடங்கும். அடையாள அட்டை, கடிதம், இரத்தப் பரிசோதனை முடிவுகள், எல்லாவற்றிலும் ஒரு பிரதி. கோட்டையில் இறங்கும்போது இருட்டாக இருக்கும். பதற்றப்படாமல் ஒரு தேநீர் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு நடக்கலாம். சிகிச்சை இலவசம், சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் வைத்திருந்தால் போதும்.

சிங்களத்தைப் பற்றிக் கவலைப்படாதே. அந்தச் சின்னக் கொப்பியைச் சொன்னேன் அல்லவா? என் மனைவி வைத்தியசாலை வாட்டில் தேவைப்படும் சிங்கள வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். தண்ணீர் வேண்டும், குளிர்கிறது, ஊசி போட்ட இடம் எரிகிறது, என் கணவர் வெளியே நிற்கிறார். கடைசியைத் தவிர மற்றதெல்லாம் அம்மாவுக்கும் பொருந்தும்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் புகையிரத நிலைய வாசலில் நிற்பேன். பையோடு தந்துவிடுகிறேன், வெந்நீர்ப் போத்தலும் அதற்குள்ளேயே இருக்கிறது. அவளுடைய எழுத்து பொடி எழுத்து. அம்மாவின் கண்ணாடியை மறந்துவிடாதே.