புதுப்பிப்பு: ட்ரூபல் பக்கத்தைத் திருத்தியும் பழையதே தெரிந்த சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கிளவுடில் ஓடும் எங்கள் ட்ரூபல் (இணையதளம் நடத்தும் மென்பொருள்) தளத்தில், பக்கத்தைத் திருத்திச் சேமித்தாலும் லாகின் செய்யாத வாசகர்களுக்குப் பழையதே தெரிகிறது என்று கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது.

வழிகாட்டியது, 'ஏஜ்' ஹெட்டரை (பக்கம் கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், எத்தனை வினாடியாக இருக்கிறது என்று பதிலோடு வரும் குறிப்பு) பாருங்கள் என்ற யோசனைதான். பிரவுசரின் நெட்வொர்க் டேபில் பார்த்தால் அந்த எண் பல்லாயிரம் வினாடிகளைக் காட்டியது; ட்ரூபல் கேஷை அழித்த பிறகும் ஏறிக்கொண்டே போனது. ஆக, பழைய பக்கத்தைக் கொடுத்தது ட்ரூபல் இல்லை, அதற்கு முன்னால் நின்று பக்கங்களின் நகலை வைத்துக் கொடுக்கும் வார்னிஷ் என்ற கேஷ் மென்பொருள். லாகின் செய்தவரின் பிரவுசர் அனுப்பும் செஷன் குக்கீ இருந்தால் வார்னிஷ் தன் கேஷிலிருந்து எடுத்துக் கொடுக்காமல் நேராக ட்ரூபலிடம் அனுப்பிவிடும். அதனால்தான் லாகின் செய்த எங்களுக்கு மட்டும் புதியது தெரிந்தது.

கேஷில் உள்ள பழைய நகல்களை நீக்க உதவும் பர்ஜ் மாட்யூலையும், அந்தக் கட்டளையை வார்னிஷுக்கு அனுப்பும், எங்கள் ஹோஸ்டிங்குக்கு ஏற்ற பர்ஜரையும் போட்டதும் இது தீர்ந்தது. கேஷ் டேக் (எந்த நகலில் எந்த உள்ளடக்கம் இருக்கிறது என்று காட்டும் அடையாளம்) வழியாக, கேஷ் முழுவதும் அல்லாமல், திருத்திய பக்கமும் அதோடு தொடர்புள்ள பட்டியல்களும் நீங்குகின்றன. நீக்க வேண்டியவற்றின் வரிசையை ஒவ்வொரு பக்கக் கோரிக்கையின் முடிவிலும் கவனிக்கும் லேட் ரன்டைம் புராசஸரையும் மறக்காமல் சேருங்கள். கிரானை (குறித்த இடைவெளியில் தானே ஓடும் வேலை) மட்டும் நம்பினால் அது அடுத்து ஓடும்வரை எல்லாம் வரிசையில் காத்துக் கிடக்கும்.

எதிர்பாராதது ஒன்று: அதற்கு அப்புறமும் சிலருக்குப் பழைய பக்கமே வந்தது. பெர்ஃபார்மன்ஸ் அமைப்பில் நாம் கொடுக்கும் அதிகபட்சக் கேஷ் காலம் வார்னிஷுக்கு மட்டுமல்ல, வாசகரின் பிரவுசருக்கும் போகிறது. பர்ஜ் அங்கே எட்டாது. 1 நாள் என்றிருந்ததை 15 நிமிடமாக்கினோம். சர்வருக்குச் சுமை கொஞ்சம் கூடும். அடிக்கடி திருத்தும் தளத்துக்கு அது தகும்.