மூன்றாம் வார்த்தையில் ஒரு சந்தேகம், உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். வரும் பெரிய வெள்ளி மும்மணி நேர ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றாம் வார்த்தையை நான் பேச வேண்டும். யோவான் 19:25-27. ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

சிலுவையில் தொங்கும் இயேசு தம் தாயைத் தமக்கு அன்பான சீஷனிடம் ஒப்படைக்கிறார். ஆனால் மாற்கு 6:3 யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று சகோதரர்களைப் பெயர் சொல்லியே காட்டுகிறது. அவர்கள் இருக்க, சிநேகிதன் ஏன்?

தேடிப் பார்த்தவை: அவர்கள் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்கிறார் பழங்காலச் சபைப் பிதா ஜெரோம். யோசேப்பின் முதல் தாரத்துப் பிள்ளைகள் என்கிறார் அதே காலத்துச் சபைப் பிதா எப்பிபானியுஸ். சரி, அப்படியே வைத்தாலும் உறவு உறவுதானே! சகோதரர்கள் இயேசுவை விசுவாசிக்கவில்லை என்று வேறு சிலர் யோவான் 7:5-ஐக் காட்டுகிறார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் பட்டது, அப்போஸ்தலர் 1:14-ஐப் படிக்கும்வரை. உயிர்த்தெழுந்து ஐம்பது நாள்கூட ஆகவில்லை. மேல்வீட்டில் மரியாளோடு அதே சகோதரர்கள் ஜெபத்தில் இருக்கிறார்கள். அப்புறம் யாக்கோபு எருசலேம் சபைக்கே தூணாகிறார். இவர்கள் மாறப்போவது இயேசுவுக்குத் தெரியாதா?

சிலுவையடியில் சீஷன் நின்றான், சகோதரர்கள் நிற்கவில்லை என்பதே போதுமான காரணமா, அல்லது வேதத்திலேயே வேறு ஆதாரம் இருக்கிறதா?