300க்குக் கட்டுகிறோம், 94தான் வருகிறது: சுங்கை சிப்புட் வீடுகளில் ரௌட்டர் மாற்றிய அனுபவங்கள்

லாசா ரோட்டுக்காரன்

எங்கள் வீட்டில் 300 எம்பிபிஎஸ் வேக இன்டர்நெட் பேக்கேஜ். ஆனால் ரௌட்டரில் கேபிள் போட்டு வேகத்தைச் சோதித்தால் 93, மிஞ்சிப்போனால் 94. மழையிலும் அதேதான், நடுராத்திரியிலும் அதேதான். லைனில் கோளாறு என்றால் எண் ஏறி இறங்கும், இப்படி ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்காது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். மோடத்தை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். போட்டேன். 94.

தீபாவளிக்கு வந்திருந்த அக்கா மகன்தான் ரௌட்டரைக் கையில் எடுத்துக் கவிழ்த்தான். காற்றுத் துளையில் பல்லி முட்டை ஓடு ஒட்டிக் கிடந்தது. அதைச் சுரண்டிவிட்டு, அடியில் இருந்த மாடல் எண்ணைப் போனில் தேடினான். "மாமா, இதோட வான் போர்ட்டே நூறுதான். முன்னூறு எப்படி உள்ளே வரும்?"

விஷயம் இதுதான். பழைய மலிவு ரௌட்டர்கள் பலவற்றில் டப்பாவின் மேல் 300 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது வைஃபைக்குச் சொல்லும் காகிதக் கணக்கு. பின்னால் மோடத்திலிருந்து வரும் கேபிளைச் செருகும் வான் (WAN) போர்ட் வெறும் 100 எம்பிபிஎஸ். அதிலும் தரவோடு சேர்ந்து போகும் முகவரி, தலைப்புத் தகவல்களுக்கு ஒரு பங்கு போய்விடும். மீதிதான் அந்த 94. ஆக, உங்கள் வீட்டிலும் சோதனை 94ஐத் தாண்டாமல் நின்றால் லைனைத் திட்டுவதற்கு முன்னால் போர்ட்டைப் பாருங்கள்.

2018இல் மலேசியத் தொலைத்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியின் விலைக் கட்டுப்பாடு வந்த பிறகு நாடு முழுக்க பேக்கேஜ் வேகம் ஏறியது. பல வீடுகளில் அலமாரி மேல் இருந்த ரௌட்டர் மட்டும் பழையபடியே இருக்கிறது.

ஈப்போவுக்குப் போய் வைஃபை 6 ரௌட்டர் ஒன்று வாங்கினேன், இருநூறு வெள்ளிக்குள். பார்த்தது மூன்றே விஷயம்: எல்லா போர்ட்டும் கிகாபிட்டா (அதாவது 1000 எம்பிபிஎஸ்), பழைய 2.4 வைஃபை அலையோடு வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலையும் உண்டா, நம் நாட்டுத் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா. நாலு ஆண்டெனா, எட்டு ஆண்டெனா என்று கடைக்காரர் காட்டுவதில் நான் மயங்கவில்லை.

இப்போது கேபிளில் முழு 300ம் வருகிறது. ஹாலில் வைஃபையிலும் கிட்டத்தட்ட அதே அளவு. அடுப்படிக்குப் போனால் மட்டும் சரிகிறது. நடுவில் இரண்டு செங்கல் சுவர், 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுவர் என்றாலே ஆகாது. அங்கே போன் தானாக 2.4க்கு மாறிவிடுகிறது, ஒரு 40 வரும். சாம்பார் வீடியோ பார்க்க அது தாராளம்.

தாமான் வீட்டு அக்கா

அண்ணே, நான் ரௌட்டரை மாற்றிய பிறகும் அதே 94! ஏமாந்துவிட்டோம், திருப்பிக் கொடு என்று வீட்டுக்காரர் ஒரே சத்தம். கடைசியில் பார்த்தால் மோடத்துக்கும் ரௌட்டருக்கும் நடுவில் இருந்த கேபிள். கேபிளுக்குள் எட்டுக் கம்பி உண்டு. நூறுக்கு நாலு போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எங்களுடையதில் ஒரு கம்பி முனையிலேயே விட்டுப்போயிருந்தது, அதனால் இரண்டு பெட்டியும் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிக்கொண்டன. கிகாபிட் தாங்கும் கேட் 5இ (Cat 5e) கேபிள் ஒன்று மாட்டியதும் சரியாகிவிட்டது.

லயத்துப் பையன்

எல்லாரும் ரௌட்டரை மாற்று என்கிறீர்கள். எங்கள் தோட்டத்து லயத்துக்கு ஃபைபரே (கண்ணாடி இழை லைன்) வரவில்லை, சிம் போடுகிற ரௌட்டர்தான். முன்பு வைத்திருந்தது 3ஜி மோடம். 2021 கடைசியில் நாடு முழுக்க 3ஜியை நிறுத்தியதும் அது வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. புது 4ஜி ரௌட்டர் வாங்கியும் ஹாலில் வைத்தபோது இழுவைதான். மேலே தகரக் கூரை, சுற்றிலும் செம்பனை. டவர் இருக்கும் பக்கத்து ஜன்னல் ஓரமாக உயரத்தில் வைத்த பிறகுதான் தங்கையின் ஆன்லைன் வகுப்பு அறுபடாமல் ஓடியது. எங்களுக்குப் பெட்டியைவிட இடம்தான் முக்கியம்.

லாசா ரோட்டுக்காரன்

தம்பி சொல்வது சரி. நான் சொன்னது ஃபைபர் வீட்டுக்கு மட்டும். அப்படிப்பட்ட வீட்டிலும் மோடத்தில் எல்ஓஎஸ் (LOS, சிக்னல் இல்லை) விளக்கு சிவப்பாக எரிந்தால் அது கண்ணாடி இழைப் பக்கத்துக் கோளாறு. எந்த ரௌட்டர் வாங்கினாலும் தீராது, ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

எப்படி மாட்டுவது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: பழையதைக் கழற்றுவதற்கு முன்னால் லைனுக்குள் நுழையக் கேட்கும் பிபிபிஓஇ (PPPoE) பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கையில் இருக்கட்டும். டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை லைன் என்றால் புது ரௌட்டரின் இன்டர்நெட் அமைப்பில் வீலேன் (VLAN) எண் 500 போட வேண்டும். இப்போது விற்கும் பல ரௌட்டர்களில் யூனிஃபை என்ற பெயரையே தேர்ந்தெடுக்க வசதி இருக்கிறது. வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையுமே கொடுங்கள், டிவி, போன் எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும். பழைய சிசிடிவி கேமரா மட்டும் அடம்பிடித்தால் 2.4ஐத் தனிப் பெயரில் பிரித்து, வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2வில் (WPA2) வையுங்கள்.

அப்புறம், இடி இடித்தால் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். கண்ணாடி இழையில் மின்னல் ஏறாது, ஆனால் கரண்ட் லைன் வழியாக வரும். நம் பக்கத்து மாலை மழை எப்படி என்று தெரியுமே.