காசு கிரேடிங் கட்டணம் ஏறலாமா? கையில் வந்த காசுகளை வைத்துச் சொல்லுங்கள்

அச்சுமுகம்:
காசு அசலா என்று பார்த்துத் தர எண் போடும் கிரேடிங் சேவையின் கட்டணம் ஏறலாம் என்பது என் கட்சி. ஆனால் ஏறும் பணம் காசைப் பார்க்கும் நேரமாக மாற வேண்டும். 1893 எஸ் மார்கன் டாலர் என்ற அமெரிக்க வெள்ளிக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ் என்பது அடித்த ஊரான சான் பிரான்சிஸ்கோவின் குறி; அங்கே அந்த ஆண்டு அடித்ததே 1,00,000 காசுதான். அதனால் ஊர்க் குறி இல்லாத அதே ஆண்டு பிலடெல்பியா டாலரில் ஓர் எஸ் எழுத்தை ஒட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால் 1898 எஸ் காசின் கடைசி 8ஐச் சுரண்டி 3 ஆக்குகிறார்கள். இரண்டுமே அசல் வெள்ளி. எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மி.மீ., எல்லாம் சரியாகவே இருக்கும். தராசு, காலிப்பர், உலோகம் பார்க்கும் எக்ஸ்ரே கருவி மூன்றையும் தாண்டி வந்துவிடும்.

பார்க்க வேண்டியது முகப்பு அச்சு. லிபர்ட்டி (LIBERTY) என்ற சொல்லில் டி (T) எழுத்தின் மேல்கட்டையில் மெல்லிய சாய்ந்த மேட்டுக்கோடு ஒன்று இருக்கும். ஆண்டின் 1, விளிம்புப் பல் ஒன்றுக்கு நேர் மேலே நிற்கும். 10 மடங்கு லென்ஸ் போதும், ஒளி மட்டும் பக்கவாட்டில் சாய்வாக விழ வேண்டும். நேர் வெளிச்சத்தில் டி மேல் உள்ள கோடு மறைந்துவிடும். எஸ் எழுத்தின் அடியில் தளத்தோடு சேரும் இடத்தில் கீற்றுப் போல இடைவெளியோ பசைக் கறையோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். இதையெல்லாம் அவசரத்தில் பார்க்க முடியாது. அந்த நேரத்துக்குக் கூடுதல் பணம் கேட்டால் நியாயம்.

தராசுத்தட்டு:
அரிய காசுக்குச் சரி. எல்லாக் காசுக்கும் ஏற்றினால் ஒப்பமாட்டேன். போலி இப்போது மலிவுக் காசிலும் குவிகிறது, சாதாரண ஆண்டு மார்கன் டாலரைக்கூட விடுவதில்லை. கட்டணமும் போக வர தபால், காப்பீடும் சேர்ந்து காசின் விலையைத் தொட்டுவிட்டால் யாரும் அனுப்பமாட்டார்கள். அந்தப் போலி கைமாறிக்கொண்டே இருக்கும்.

அனுப்பும் முன் வீட்டிலேயே பாதி வேலையை முடிக்கலாம். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி முழுசாக மூழ்க விடுங்கள், அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. திரையில் வருவது காசு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 90 சதவீத வெள்ளி டாலருக்கு 2.59 கிராம் அளவில் வரும், அதாவது 10.3. வெள்ளி முலாம் பூசிய பித்தளை 8.5 பக்கம் நின்றுவிடும். இங்கே தவறு நடப்பது காற்றுக் குமிழியால். ஒரு குமிழி ஒட்டினாலும் இடம்பெயர்ந்த நீர் கூடி, நல்ல காசு போலி போலக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி விலகும். எக்ஸ்ரே கருவியை மட்டும் நம்ப வேண்டாம். அது மேல்தோலைத்தான் படிக்கும், தடித்த முலாம் அதை ஏமாற்றும்.

வெள்ளிக்கீற்று:
எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். சில சேவைகளில் கட்டணத்தோடு, கிரேடு போட்ட பிறகு வரும் மதிப்பில் 1 சதவீதம் கூடுதலாகக் கேட்கிறார்கள். உத்தரவாதம் கொடுப்பதால் என்பது அவர்கள் காரணம். அதில் உண்மை உண்டு, தவறாகச் சான்று கொடுத்தால் ஈடு கட்ட வேண்டியவர்கள் அவர்களே. ஆனால் புழங்காத காசுக்குப் போடும் தர எண்களான எம்எஸ் 65க்கும் 66க்கும் நடுவில் விலை பல மடங்காகும் காசு இருக்கிறது. கிரேடு ஏறினால் கிரேடு போடுபவரின் வரவும் ஏறுகிறது என்ற ஏற்பாடே கூடாது. ஏற்றுவதென்றால் நிலையான தொகையாக ஏற்றுங்கள்.

இன்னொன்று, துடைத்த காசை அனுப்பாதீர்கள். 'டீடெய்ல்ஸ்' என்று எழுதி எண் கிரேடு இல்லாமல் திரும்பி வரும், கட்டிய கட்டணம் திரும்ப வராது. ஒற்றை விளக்கின் கீழ் காசை மெதுவாகச் சுழற்றுங்கள். அசல் மினுக்கம் சக்கரத்தின் ஆரம் போலச் சேர்ந்தே சுற்றும். துடைத்ததில் ஒளி அசையாமல் நிற்கும், ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். மென்மையான பிளாஸ்டிக் உறையில் கிடந்து பச்சைப் பிசின் ஏறியிருந்தால் மட்டும் சுத்த அசிட்டோன். கண்ணாடிக் கிண்ணத்தில் சில நிமிடம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் அலசி, தானாகக் காயவிட வேண்டும். தேய்க்கவே கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் அடுப்பு எரியக் கூடாது.

பழையரூபாய்:
நம் ஊர்க்காரர்களுக்குக் கட்டணத்துக்கு முன்னால் சட்டம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய காசு தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அரசர் அங்கியில் உள்ள யானை பன்றி போலத் தெரியும் 1911இன் 'பன்றி ரூபாயை' அமெரிக்காவுக்கு அனுப்பி ஸ்லாப் (கிரேடு எழுதி மூடிய பிளாஸ்டிக் பெட்டி) வாங்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

1939 ரூபாய் இன்னும் அந்த வரம்புக்கு வரவில்லை. எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம், தண்ணீரில் 1.13 கிராம் காட்ட வேண்டும். 1940 முதல் வெள்ளி பாதியாகிவிட்டது. அந்தக் காசின் ஆண்டை 1939 என்று மாற்றியிருந்தால் 1.22 வரும், அதிலேயே பிடிபடும். 1938இன் 8ஐ 9 ஆக்கியிருந்தால் தண்ணீர் கைவிடும். அப்போது அச்சுமுகம் சொன்ன சாய்வொளிதான். கடைசி எண்ணைச் சுற்றிய தளம் மற்ற எண்களின் தளத்தைவிட வழவழப்பாகவோ பள்ளமாகவோ இருக்கிறதா என்று பாருங்கள்.

ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரையணாவுக்கு மட்டும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை.