வந்து 7 வாரம் ஆகிறது, வேலை கிடைக்கவில்லை. நெல்லைப் பக்கத்து ஆட்கள் யாராவது வழி சொல்லுங்கள்

பத்தமடைப் பையன்:
எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் பத்தமடை. பாளையங்கோட்டையில் டிகிரி முடித்துவிட்டு மேல்படிப்புக்கு வந்து 7 வாரம் ஆகிறது. பார்ட் டைம் வேலைக்கு இதுவரை 60, 70 இடத்தில் போட்டுவிட்டேன். பாதி இடத்திலிருந்து பதிலே இல்லை. மீதியில் "மன்னிக்கவும்" என்று மெயில் வருகிறது. வண்ணார்பேட்டையில் கன்சல்டன்சிக்காரர், "போய் இறங்கினதும் வேலை கிடைத்துவிடும், அந்தச் சம்பளத்திலேயே ஃபீஸ் கட்டிவிடலாம்" என்று சொல்லித்தான் அனுப்பினார். 2025 டிசம்பர் 5-க்குள் பணம் கட்ட வேண்டும். அக்கா நகை பேங்கில் இருக்கிறது. அப்பா பிசான நெல் நடவுக்கே கடன் வாங்கியிருக்கிறார், அவரிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது. சீக்கிரம் வேலை கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

கடையத்துக்காரன், ஸ்டுட்கார்ட்:
தம்பி, முதலில் மொழியைப் பிடி. மொழி இல்லாமல் இங்கே ஒரு கதவும் திறக்காது. நான் வந்த புதிதில் ஒரு ஓட்டல் பின்கட்டில் பாத்திரம் கழுவினேன். சமையல்காரர் என்ன கேட்கிறார் என்று புரியாது, அவர் கத்துவார், எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். மூன்று மாதம் அப்படியே போனது. நாலரை மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டில் ரயிலுக்கு நிற்கும்போது ராமநதி அணைக்கட்டு வெயில் நினைவுக்கு வரும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். 2024 மார்ச்சுக்கு முன்னால் இது 120 நாளாகத்தான் இருந்தது. பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியருக்கு உதவியாளராகச் சேர்ந்தால் அந்த நாள்கள் இந்தக் கணக்கில் வராது. உன் பேராசிரியர்களுக்கு இன்றைக்கே மெயில் போடு.

வள்ளியூர் அண்ணாச்சி, மெல்போர்ன்:
மொழியெல்லாம் அப்புறம். வயிறு காயும்போது யார் இலக்கணம் படிப்பார்கள்? சைக்கிள் ஒன்று வாங்கு, சாப்பாடு டெலிவரியில் இறங்கு. நான் அப்படித்தான் பிழைத்தேன். மழையில் நனைந்து, ஒருமுறை கீழே விழுந்து, முழங்கையில் தையலோடு மறுநாளும் ஓட்டினேன். இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 2023 ஜூலையிலிருந்து கணக்கு வைத்திருக்கிறார்கள், டெலிவரியும் அதற்குள்தான் வரும். கல்லூரி லீவில் அந்தக் கணக்கு கிடையாது. ஆன்லைனில் போட்டுக்கொண்டே இருந்தால் நடக்காது தம்பி, கடை கடையாய் ஏறி இறங்க வேண்டும்.

ராதாபுரம், டொராண்டோ:
இந்தக் கன்சல்டன்சிக்காரர்களை நினைத்தாலே வயிறு எரிகிறது. எனக்கும் இதே கதையைத்தான் சொன்னார்கள். இங்கே கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான், அதுவும் 2024 நவம்பரில்தான் வந்தது. ஊரில் அம்மா போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்த நாள்கள் எனக்கு உண்டு. கோயில் கொடை விழாவுக்கு வரி கேட்டுப் போன் வரும், வெளிநாட்டில் இருக்கிறவன் என்றால் மூன்று மடங்கு. நாம் படுகிற பாடு அங்கே யாருக்கும் தெரிவதில்லை.

வள்ளியூர் அண்ணாச்சி, மெல்போர்ன்:
உண்மை. அதைவிட வேதனை, நம்ம ஆட்களே நம்ம பிள்ளைகளை உறிஞ்சுவது. தமிழ் பேசுகிறாரே என்று நம்பி ஒரு கடையில் நின்றேன். 5 வாரச் சம்பளம் இன்றுவரை வரவில்லை.

முக்கூடல்காரி, மான்செஸ்டர்:
எல்லோரும் ஒரு நிமிஷம் பொறுங்கள். தம்பி, ஊர்ப் பெயரைச் சொன்னாய், நாட்டுப் பெயரைச் சொல்லவில்லையே! ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் வேறு. மெல்போர்னில் சரியாக இருப்பது இங்கே விசாவையே காவு வாங்கிவிடும். எந்த நாடு, என்ன படிப்பு, வயது என்ன, கையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கட்ட வேண்டும்? இதைச் சொல்.

பத்தமடைப் பையன்:
மன்னியுங்கள் அக்கா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். இங்கிலாந்து, லெஸ்டர். ஒரு வருஷ மாஸ்டர்ஸ். வயது 23. இரண்டாவது தவணை 4,200 பவுண்டு. கையில் 1,300 இருக்கிறது, அதில்தான் வாடகையும்.

அம்பைக்காரன், பர்மிங்காம்:
தம்பி, மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை என்பார்கள், அதை யாரும் எண்ணிக்கொண்டு நிற்பதில்லை. ரொக்கமாகக் கொடுக்கிற இடத்தில் சேர்ந்துவிடு. நான் 40 மணி நேரம் பார்த்துத்தான் படிப்பை முடித்தேன்.

முக்கூடல்காரி, மான்செஸ்டர்:
அம்பை அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்லாதீர்கள். நீங்கள் தப்பியது உங்கள் நல்ல நேரம். மாட்டினால் விசா போகும், படிப்பு போகும், கட்டிய பணமும் போகும். இப்போது கடைக்காரருக்கே முதல் தடவை மாட்டினாலே ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் இருக்கிறது. சோதனைக்கு ஆள் வந்தால் அவர் பையனைக் காப்பாற்றுவாரா, தன்னைக் காப்பாற்றிக்கொள்வாரா?

தம்பி, நீ கேட்டது வேலை. உன் சிக்கல் ஃபீஸ். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2025 ஏப்ரலிலிருந்து 2026 மார்ச் வரை, 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. 20 மணி நேரத்துக்கு வாரம் 244, மாதத்துக்குச் சுமார் 1,058. விசா போடும்போது லண்டனுக்கு வெளியே மாதச் செலவுக்கு என்று 1,136 காட்டினாய் அல்லவா? சட்டப்படி நீ முழுசாக உழைத்தாலும் அந்தச் செலவுக்கே பற்றாது. நாளைக்கே வேலை கிடைத்தாலும் டிசம்பர் 5-க்குள் 4,200 வரவே வராது. கன்சல்டன்சிக்காரர் சொன்னது முதல் நாளிலிருந்தே பொய், அதில் உன் தப்பு எதுவும் இல்லை.

அதனால் நாளைக் காலையில் வேலை தேடாதே, பல்கலைக்கழக ஃபீஸ் அலுவலகத்துக்குப் போ. தேதி தாண்டுவதற்கு முன்னால் நீயாகப் போய், தவணையைச் சிறிதாகப் பிரித்துத் தர முடியுமா என்று கேள். தேதி தாண்டியபின் போய் நிற்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பேசியதை மெயிலிலும் எழுதி வாங்கிக்கொள். அப்படியே மாணவர் சங்கத்து ஆலோசனை மையத்துக்கும் போ. அவர்கள் காசு வாங்காமல் உன்னோடு வந்து பேசுவார்கள், நெருக்கடி உதவி நிதி இருக்கிறதா என்றும் கேள். அப்பாவிடமும் சொல். என் அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தாள். நான் கஷ்டத்தை 4 மாதம் மறைத்தேன். தெரிந்த பிறகு அவள் பணத்துக்காக அழவில்லை, மறைத்ததற்காக அழுதாள்.

வேலைக்கு வருவோம். டெலிவரி வேண்டாம். இங்கே அது சுயதொழில் கணக்கு, மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. இன்னொருவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது இன்னும் மோசம். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இரண்டு இடத்தில் வேலை பார்த்தாலும் சேர்த்து 20தான், ஒரு வாரம் 10, மறுவாரம் 30 என்று சரிக்கட்ட முடியாது. பல்கலைக்கழகம் அறிவித்த கிறிஸ்துமஸ் விடுமுறையில் முழு நேரம் பார்க்கலாம், அந்தத் தேதிகளைக் கடிதமாக வாங்கி வைத்துக்கொள், முதலாளி கேட்பார். மாஸ்டர்ஸ் பிள்ளைகள் நிறையப் பேர் ஏமாறுவது கோடையில். மற்றவர்களுக்கு அது லீவு. உனக்கு ஆய்வறிக்கை எழுதும் காலம், அப்போதும் 20 மணி நேரம்தான்.

இப்போது 2025 நவம்பர் நடு. கிடங்குகளும் கடைகளும் கிறிஸ்துமஸுக்கு ஆள் எடுக்கிற கடைசி வாரங்கள் இவை. ஏஜென்சிகளுக்கு நேரில் போ. வேலை வாங்கித் தர யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடு, வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்குவது இங்கே சட்டவிரோதம். சி.வி.யில் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், திருமணம் ஆனவரா என்பதெல்லாம் இருந்தால் எடுத்துவிடு. ஒரே சி.வி.யை 70 இடத்துக்கு அனுப்பாதே. பல்கலைக்கழக வேலைவாய்ப்பு மையத்தில் உட்கார்ந்து திருத்தித் தருவார்கள். நூலகம், கேன்டீன், புது மாணவர்களுக்கு வழிகாட்டுவது என்று உள்ளேயே வேலைகள் உண்டு, அவர்களே 20 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்வார்கள். வேலை பார்க்க உனக்கு அனுமதி உண்டா என்று முதலாளி சரிபார்க்க ஷேர் கோடு என்று ஒரு எண் கேட்பார், அதை இ-விசா கணக்கிலிருந்து எடுத்துப் போனில் வைத்திரு. வரிக் கணக்குக்குக் கேட்கிற நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் வருவதற்கு முன்பே வேலையில் சேரலாம், அதற்காகக் காத்திருக்காதே.

கடையத்துக்காரன், ஸ்டுட்கார்ட்:
நான் ஜெர்மனி என்றே நினைத்து எழுதிவிட்டேன். அக்கா சொல்வதைக் கேள் தம்பி.

பத்தமடைப் பையன்:
அக்கா, நாளைக்கு 10 மணிக்கு ஃபீஸ் அலுவலகத்தில் நேரம் வாங்கிவிட்டேன். ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். போன வாரம் ஒரு கடையில் "ட்ரையல்" என்று இரண்டு ராத்திரி நின்றேன், மொத்தம் 12 மணி நேரம். காசு தரவில்லை. இனிமேல் வந்தால் மணிக்கு 6 பவுண்டு, வாரம் 35 மணி நேரம் என்கிறார். இதனால் விசாவுக்கு ஏதாவது ஆகுமா?

முக்கூடல்காரி, மான்செஸ்டர்:
அந்த வாரம் வேறு எங்கும் வேலை பார்க்கவில்லை என்றால் 12 மணி நேரம் 20-க்குள் அடங்கிவிட்டது, பயப்படாதே. இனி அங்கே போகாதே. 12 மணி நேரம் நிற்க வைத்தால் அது ட்ரையல் இல்லை, வேலை. 146 பவுண்டுக்கு மேல் உனக்குப் பாக்கி. எந்த நாள், எத்தனை மணிக்கு உள்ளே போனாய், எப்போது வெளியே வந்தாய் என்று இப்போதே எழுதி வை. அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதே. ஆலோசனை மையத்தில் இதையும் காட்டு, இந்த மாதிரித் தகராறுக்கு ஏகாஸ் என்று இலவச உதவி எண் ஒன்று இருக்கிறது, அவர்களே போட்டுத் தருவார்கள்.

இன்னொன்று, இது அடுத்த வருஷத்துக்கு. படிப்பு முடிந்தபின் கிடைக்கும் கிராஜுவேட் விசா இப்போது 2 வருஷம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பித்தால் 18 மாதம்தான். ரிசல்ட் வந்து பல்கலைக்கழகம் தகவல் அனுப்பிய உடனே, 2026 டிசம்பர் முடிவதற்குள் போட்டுவிடு.

அம்பைக்காரன், பர்மிங்காம்:
தம்பி, நான் சொன்னதை விட்டுவிடு. சனிக்கிழமை லெஸ்டர் பக்கம் வருகிறேன். தடித்த கோட்டு ஒன்று சும்மா கிடக்கிறது, உன் அளவு என்ன?